கீழ்ப்பாதி குளிர்ந்த ரேடியேற்றர்

ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தோட்டத்தைப் பார்த்தபடி, யன்னலடியில் சுடுநீர் ஓடிச் சூடு தரும் இரும்பு ரேடியேற்றரோடு ஓர் அறை இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கல்யாணமாகிக் கோல்டிங்கிற்குப் போகும்வரை அதில்தான் படுத்தாள். அவள் போனதும் அறை அரிசி மூட்டைக்கும் மிளகாய்த்தூளுக்கும் போய்விட்டது. சென்ற ஆண்டு அவள் பிள்ளைத்தாச்சியானதும் நான் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டேன், சுவருக்குப் பூச்சு அடித்தேன், புதுத் திரைச்சீலை தைத்தேன். பிள்ளை பெற்றவள் முப்பத்தோராம் நாள் கழியும்வரை தாய் வீட்டில் இருப்பது எங்கள் வழக்கம். மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுக்க வேண்டும், மருந்திலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்க்க வேண்டும். இந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டி வருகிறேன். என் பிள்ளைக்கு வார்க்க ஒரு மாதம் கேட்பது பேராசையா?

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் பேசினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அது எப்போதும் அப்படித்தான். வரும்போது எந்தத் தலையணை வேண்டும் என்று கேட்டேன்.

“அம்மா, அந்த அறை குளிர். எப்போதும் குளிர்தான். பச்சைக் குழந்தையோடு நான் அங்கே வர முடியாது.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்? ரேடியேற்றர் கிடக்குதெல்லே. சூட்டை நல்லாக் கூட்டி விடுறன்.”

“நான் அதில் எத்தனை வருடம் படுத்தேன்? எனக்குத் தெரியாதா?”

அவளுடைய மாமியார் ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறாராம். அங்கே நிலத்துக்கு அடியிலேயே சுடுநீர்க் குழாய் ஓடுகிறது, வெறுங்காலோடு நடக்கலாம். முடிவை ஆஸ்பத்திரியில் இருந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சம்பந்தியம்மா டேனிஷ்காரி, நல்ல மனிசி. அதுதான் எனக்குப் பெரிய பிரச்சினை. கெட்டவளாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை சொல்லி மகளைத் திருப்பியிருப்பேன். நல்லவளைப் பற்றி என்னத்தைச் சொல்வது? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். என் வளை இருந்தது, எலிக்குஞ்சுதான் வர மாட்டேன் என்றது.

“எங்கை இருந்தால் என்ன, பிள்ளை சுகமா இருந்தாக் காணுமெல்லே?” என்றார் என் மனுசன்.

“நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ,” என்றேன். நியாயமாகப் பேசுபவர்களைக் கண்டால் அந்த நேரத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

உண்மையில் அந்த அறை குளிர் என்பதை நாங்கள் இரண்டு பேரும் நம்பவில்லை. அதற்கு எங்களிடம் ஒரு சாட்சி இருந்தது. இந்த நாட்டில் ஒக்டோபர் பிறந்தால் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும். எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரு ரேடியேற்றரின் தலையில் எண்ணெய்ப் போத்தல் ஒன்று குந்திக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் போத்தலுக்கு உரிய இடம் மகளின் அறை. காலையில் வைத்தால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் உருகிவிடும். மகள் படிக்கிற காலத்தில் குளிருது என்று சிணுங்கும்போதெல்லாம் தகப்பன் அந்தப் போத்தலைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார். “எண்ணெய் உருகுது, உனக்கு என்ன குளிர்?” அதற்கு மேல் வழக்குப் பேச இடமில்லை. அவள் இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு படிக்கப் போய்விடுவாள்.

அடுத்த வாரம் பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். மூன்று ஆள் உயரம் என்று சொல்லலாம், அப்படியொரு மனிதர். ரேடியேற்றருக்கு மேலே இருந்த எண்ணெய்ப் போத்தலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். முழங்காலில் இருந்து ரேடியேற்றரின் அடிப்பகுதியில் கையை வைத்தார். பிறகு என்னையும் அங்கே கை வைக்கச் சொன்னார்.

மேலே தொட்டால் கையை எடுக்க வேண்டும். அவ்வளவு சூடு. கீழே குளிர்சாதனப் பெட்டிக்குள் கை விட்டதுபோல இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டதுபோல, மேல்பாதி ஒரு தேசம், கீழ்ப்பாதி இன்னொரு தேசம். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு தடவைகூடக் குனிந்து அதன் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. போத்தல் தலையில்தானே இருந்தது!

தோசை மாவுச் சட்டியை அந்த ரேடியேற்றரின் அடியில்தான் வைப்பேன். மா புளிக்காத நாளெல்லாம் உளுந்தைத் திட்டினேன். கடையை மாற்றினேன், வெந்தயத்தைக் கூட்டினேன், பொங்காத மாவை வைத்துக்கொண்டு சுட்டுத் தந்தவளைக் குறை சொல்ல வேண்டாம் என்று மனுசனோடு சண்டை பிடித்தேன். உளுந்திடம் மன்னிப்புக் கேட்க வழியிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

பிளம்பர் விளக்கமாகச் சொன்னார். இரும்பு உள்ளுக்குள்ளே துருப்பிடித்துத் துருப்பிடித்து மாவாகி, அடியில் சேறாகத் தங்கிவிட்டது. சுடுநீர் மேலால் வந்து மேலாலேயே போய்விடுகிறது. இனி இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டுவதுதான் வழி, ஆனால் அவருக்குப் புது வருடம் பிறந்த பிறகுதான் நேரம் இருக்கிறது. மகளுக்கோ டிசம்பரில், நத்தாருக்கு முன்பே நாள் குறித்திருந்தார்கள்.

“இதைக் கழுவ முடியாதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். முடியும், ஆனால் யாரும் செய்வதில்லை, பாரம், ஊத்தை, நான் மணிக்கணக்கில் அதோடு மினக்கெட்டால் உங்களுக்குத்தான் நட்டம் என்றார். எனக்கு அதில் முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. முடியும். போகும் முன், இரண்டு பக்கமும் இருக்கும் வால்வுகளை எப்படிப் பூட்டுவது என்று காட்டித் தந்தார். இரண்டையும் பூட்டிவிட்டால் அந்த ஒரு ரேடியேற்றரை மட்டும் கழற்றலாம், வீட்டில் மற்றவை தம்பாட்டுக்கு ஓடும்.

அவர் படலையைத் தாண்ட முதலே மனுசன் ஆரம்பித்தார்.

“இஞ்ச பாரும், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இப்ப அரைவாசியாவது சுடுது. கழட்டினால் அதுவும் இல்லாமல் போகும்.”

“அரைவாசிச் சூட்டுக்கு அரைவாசிப் பிள்ளையோ வரப்போகுது? ஸ்பானர் எங்கை கிடக்கு?”

அடுத்த சனிக்கிழமை காலை தொடங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தாலும் உறைபனி இல்லை. வால்வுகளை இறுக்கிப் பூட்டினோம். கீழே இருக்கும் நட்டுக்கு அடியில் வாளி நுழையாது. எனவே நான் கேக் சுடும் அகலத் தட்டை எடுத்து வைத்தேன். “அந்தத் தட்டில இனி எனக்குக் கேக் வேண்டாம்,” என்றபடி அவர் நட்டைத் தளர்த்தினார். மேலே காற்றுப் போகும் திருகை நான் திறந்துவிட்டதும் தண்ணீர் இறங்கியது. தண்ணீரா அது? கறுப்பு மை. பழைய ஆணியின் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. தட்டு நிறைய நிறைய வாளிக்கு மாற்றினேன். புதிதாகப் பூச்சு அடித்த சுவரில் ஒரு துளி தெறித்தது. அதைக் காணாத மாதிரி அடுத்த தட்டை வாளிக்கு மாற்றினேன்.

ரேடியேற்றரைச் சுவரிலிருந்து தூக்கும்போதுதான் அதன் பாரம் தெரிந்தது. யன்னல் அகலத்துக்கு நீண்ட இரும்பு. என் பழைய பருத்திச் சீலைகள் இரண்டை மடித்து அடியில் கொடுத்து, அவர் இழுக்க நான் தள்ள, தோட்டக் கதவால் வெளியே கொண்டு போனோம். உடுப்புத் தோய்க்கும் அறைக் குழாயிலிருந்து யன்னலுக்கு வெளியே றப்பர்க் குழாயை எடுத்து ஒரு துவாரத்தில் செருகினேன். மறு துவாரத்துக்குக் கீழே வாளி. முதலில் கறுப்பாக வந்தது. பிறகு மண்ணிறம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது.

“பாரும், கிணத்துத் தண்ணி மாதிரி வருது. காணும், பூட்டுவம்,” என்றார் மனுசன். அவருக்குத் தேத்தண்ணிக்கு நேரமாகிவிட்டது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரெல்லாம் வடிந்த பிறகும் அது இன்னும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் செய்த அதே கள்ளத்தைத்தான் வெளியிலும் செய்திருக்கிறது: தண்ணீர் தனக்குச் சுலபமான வழியால் வந்து போய்விட்டது, சேறு இருந்த இடத்தில் சொகுசாக இருந்தது.

“இதை நெட்டுக்கு நிமித்திப் பிடியுங்கோ,” என்றேன்.

“விழுந்தால் காலில்லை.”

“விடாமல் பிடிச்சால் விழாது.”

அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, நான் றப்பர்ச் சுத்தியலால் மேலிருந்து கீழாக அடித்தேன். அக்கம்பக்கம் முழுக்கக் கோயில் மணிபோலக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார், கையை அசைத்தார், உள்ளே போய்விட்டார். டேனிஷ்காரரின் இந்த மரியாதை எனக்கு எப்போதும் பிடிக்கும். நான் இன்னும் பலமாக அடித்தேன்.

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. என் கை முழங்கைவரை கறுப்பு. மனுசனுக்கோ இரண்டு கையிலும் ரேடியேற்றர். என் சட்டைப் பையிலிருந்து சின்ன விரலால் கிளப்பி, மூக்கால் அழுத்தினேன். மருமகன் பேசினார். மகளுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, குறித்த நாளுக்கு முன்னதாகவே. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் கூடவே இருக்கிறேன், நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம், பிறந்ததும் சொல்கிறேன் என்றார்.

மனுசனின் முகம் வெளுத்துவிட்டது. “கார்த் திறப்பு எங்கை?” என்றார்.

எனக்கும் ஓடிப்போய்க் காரில் ஏற வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. திரும்பி அறையைப் பார்த்தேன். திறந்த கதவால் குளிர்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. யன்னலுக்குக் கீழே வெறும் சுவர், இரண்டு குழாய்த் துண்டு, சிலந்திவலை. நாளைக்கு அவள் எங்கே வருவது என்று கேட்டால் இந்த அறையையா காட்டுவேன்?

“அங்க போய்க் கொரிடோரில நிண்டு என்ன செய்யப் போறியள்? அவளின்ர வேலையை அவள் செய்வாள். நாங்கள் எங்கட வேலையைச் செய்வம். விடாமல் பிடியுங்கோ.”

பிள்ளையாரே என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று ஓரடி, இந்தச் சனியனைக் கழற்றிவிடு என்று ஓரடி. அப்படி மாறி மாறி அடித்தேன். குழாயை மறுபக்கத் துவாரத்துக்கு மாற்றித் தண்ணீரை முழு வேகத்தில் திறந்தேன். ரேடியேற்றர் உள்ளுக்குள் கடமுடவென்றது. பிறகு ஒரு கட்டி, எள்ளுப்பாகு நிறத்தில், எள்ளுப்பாகுத் தடிப்பில், வழுக்கிக்கொண்டு வாளிக்குள் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு நிற்காமல் வந்தது.

“ஐயோ, வருது வருது!” என்று மனுசன் கத்தினார். கோல்டிங்கில் மருத்துவிச்சியும் அந்த நேரம் அதையே சொல்லியிருப்பா என்று பின்னால் பலரிடம் சொல்லிச் சிரித்தோம். அப்போது சிரிக்கவில்லை. இத்தனை வருடம் எங்களை ஏமாற்றிக்கொண்டு கிடந்த சனியன் வாளியில் கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு வெற்றி வெறியே வந்தது. மறுபடி தலைகீழாக நிறுத்தினோம், மறுபடி அடித்தோம். கடைசியில் நான் ஒரு பக்கத்தைத் தூக்கியபோது அது சொன்ன சொல் கேட்டு எழும்பியது. மனுசனும் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணியைப் பற்றிக் கதைக்கவில்லை.

பூட்டும்போது ஒரு சோதனை வந்தது. இறுக்கி முடித்து வால்வைத் திறந்தால் கீழ் நட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் இன்னும் இறுக்கினார், இன்னும் சொட்டியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த வளையம் பழைய அப்பளம்போல உடைந்து கையில் வந்தது. கடை பூட்ட முதல், கார்த் திறப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல், அவர் சைக்கிளில் பறந்தார். நான் நிலத்தைத் துடைத்தபடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பேசவில்லை. பெற்றவளுக்கு அந்த நேரம் எப்படிப் போகும் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அவர் மழையில் நனைந்து, வளையங்களை ஒரு கைப்பிடியாக வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இந்தத் தடவை சொட்டவில்லை. குழாயால் வீட்டுச் சுற்றுக்குப் புதுத் தண்ணீர் விட்டோம், அளவு காட்டும் முள் பச்சைக்கு வந்தது. காற்றுத் திருகைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று, பிறகு துப்பல், பிறகு சுத்தமான தண்ணீர். பூட்டினேன். சூடு கூட்டும் குமிழை உச்சமான ஐந்துக்குத் திருப்பிவிட்டு இருவரும் வெறும் நிலத்தில் அதன் முன்னால் குந்தியிருந்தோம்.

மேல்பகுதி சுட்டது. அது எப்போதும் சுடுவதுதான், எனக்கு அதில் மதிப்பில்லை. கையை மெல்லக் கீழே கொண்டுபோனேன். நடுவில், முன்பு கோடு இருந்த இடத்தில், சூடு. அதற்குக் கீழேயும் சூடு. கண்ணை மூடிக்கொண்டு அடி விளிம்பைத் தொட்டேன்.

சுட்டது. கையை எடுக்க வேண்டும்போலச் சுட்டது, நான் எடுக்கவில்லை.

“இஞ்சாருங்கோ! கீழையும் சுடுது! கீழையும் சுடுது!”

அவர் நம்பாமல் தானும் தொட்டார். பிறகு நிலத்தில் நீட்டிப் படுத்து முதுகை அதற்குக் கொடுத்தார். நான் அழுதேன். அப்படியொரு சந்தோசம். பட்டம் வாங்கியவர்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், எனக்குத் தெரியாது, எனக்கு ரேடியேற்றர்தான் வாய்த்தது. கொஞ்ச நேரத்தில் மனுசன் எழும்பிப் போய் சமையலறையிலும் மற்ற அறைகளிலும் உள்ள ரேடியேற்றர்களின் காலை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“இஞ்ச பாரும், குசினி ரேடியேற்றரிலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு,” என்றார். சங்கை ஊத வேண்டாம் என்ற மனிதர்தான்.

பேத்தி மறுநாள் விடியப் பிறந்தாள். மருமகன் முதலில் பேசினார், தாயும் பிள்ளையும் சுகம் என்றார். பிறகு மகள் பேசினாள். குரல் களைத்திருந்தது, ஆனாலும் குழந்தையின் மூக்கு யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே வரப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

“அம்மா, அறை சுடுகிறதா?”

“வந்து பார்,” என்றேன். “அடியில கை வைச்சுப் பார். சுடாட்டி உன்ர மாமியாரிட்டப் போ, நானே கொண்டுபோய் விடுறன்.”

வந்தார்கள். மருமகன் குழந்தையைத் தொட்டிலோடு தூக்கி வந்தார், சம்பந்தியம்மாவும் பூங்கொத்தோடு கூட வந்திருந்தா. மகள் அறைக்குள் வந்து குனிய முடியாமல் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தினேன். அவள் காலணியைக் கழற்றித் தன் பாதத்தை ரேடியேற்றரின் அடியில் வைத்தாள். மற்றக் காலையும் கொண்டுபோய் வைத்தாள்.

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோட்டைக் கழற்றினா. பிறகு கழுத்துச் சால்வை. கொஞ்ச நேரத்தில் கம்பளிச் சட்டையையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டா. ஒவ்வொன்றும் கழலும்போது எனக்கு ஒரு படி ஏறியதுபோல இருந்தது. “எவ்வளவு இதமாக இருக்கிறது இங்கே,” என்று அந்த நல்ல மனிசி மனதாரச் சொன்னா. அவவுக்கு நான் இரண்டு தடவை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மகள் தங்கினாள். சரக்கு அரைத்தேன், தண்ணீர் வார்த்தேன், தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடித்தேன். புகையை உணரும் கருவி கத்தியது, மனுசன் கதிரையில் ஏறி அதைக் கழற்றி, பிறகு திரும்பப் பூட்டினார்.

அந்த முதல் வாரத்தில் பிள்ளையைப் பார்க்கக் கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து தாதி ஒருத்தி வந்தா. பிள்ளையின் நிறையைப் பார்த்தா, தொப்புளைப் பார்த்தா, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றா. பிறகு தன் கழுத்தைத் துடைத்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தா. இந்த அறை மிகவும் சூடு, குழந்தை தூங்கும் இடத்துக்கு இவ்வளவு வேண்டாம், தயவுசெய்து குறைத்துவிடுங்கள் என்றா. மனுசன் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். நான் சண்டைக்குப் போவேன் என்று நினைத்திருப்பார்.

எனக்குக் கோபமே வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டில் சூடு கூடிப் போய்விட்டது என்று குறை சொன்ன முதல் ஆள் அவதான். அவ இன்னொரு தடவை சொல்ல மாட்டாவா என்றிருந்தது. எழும்பிப் போய், எல்லோரும் பார்க்கும்படி, குமிழை ஐந்திலிருந்து இரண்டுக்குத் திருப்பினேன்.

கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல், தாதிக்கு விளங்காதபடி தமிழில் சொன்னாள்.

“அம்மா, அவ போகட்டும். பேபியை மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைச்சிட்டு, இஞ்ச எனக்குச் சூட்டைத் திருப்பிக் கூட்டி விடுங்கோ.”